கல்வாழை வேரில் பிசிறு பார்த்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூல் பிசிறை டிரிம்மரால் வெட்டித் தள்ள வேண்டும். பதினாறு வருடமாகப் பிசிறு வெட்டுகிற கை இது. ஒருமுறை பல்லடம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவரின் காலரில் தொங்கிய நூலைப் பிடுங்கப் போய், அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன்.

நாங்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரருக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை. ஒரே மகள். நான் சொல்லப்போகிற சமயத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். குடியிருப்பது ஆற்றங்கரையை ஒட்டின லைன் வீடு. ஒரே சுவரில் எட்டு வீடு. குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் பின்னால் ஒரே வாய்க்காலில் போய், கீழே உள்ள குட்டையில் விழும். குட்டை நிரம்பினால் நொய்யலுக்கு. அந்தக் குட்டை இருந்ததே, அப்பப்பா! கறுப்பாக, மேலே சோப்பு ஆடை படர்ந்து, கொசு மொய்த்துக் கிடக்கும். எங்கள் வீட்டின் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம்தான். வருடம் முழுக்கச் சாத்தியே இருக்கும். மகள் அந்தப் புழுக்கத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்து படிப்பாள். எனக்கு வயிறு எரியும். ஆனால் அந்தக் குட்டையில் பாதி அழுக்கு என் வீட்டுக் கஞ்சித் தண்ணீர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ஐப்பசி மாதம் சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். குட்டையைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தண்ணீர் இப்படியே ஆற்றில் இறங்கக்கூடாது, தை பிறந்ததும் மறுபடி வருவேன், அப்போதும் இதே கோலம் என்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரம்மா தோட்டம் துரவு உள்ளவர். வாடகை வாங்க வந்தால்கூட "ஏனுங்க, சௌக்கியமுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார். அன்றைக்கு எங்கள் எட்டு வீட்டையும் வாசலில் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"எம் பையன் இதை இடிச்சுப் போட்டு பனியன் குடோன் கட்டோணுமுன்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க. நான்தான் தள்ளிட்டு வர்றேன். தைக்குள்ள அந்தக் குட்டை சரியாச்சுன்னா இருங்க. இல்லீன்னா நான் என்ன பண்ணட்டுமுங்க, சொல்லுங்க பாக்கலாம்."

மகளுக்கு மாசியில் பரீட்சை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தை மாதத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊர் மூலையில் வீடு தேடுவது? அவள் எப்படிப் படிப்பாள்?

மூன்றாவது வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருந்தார். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான். ஒரு சாயப்பட்டறையில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளாண்டில் ஆபரேட்டர் வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசமாட்டார். மறுநாள் காலையில் அவர் குட்டைக் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் முனையில் ஒரு குழி வெட்டி, ஜல்லியும் மணலும் நிரப்பி, முன்னால் ஒரு சல்லடையை மாட்டினார். அப்புறம் மூங்கிலைக் கட்டி, அடியில் காலித் தண்ணீர் கேன்களைக் கோத்து, மேலே பச்சை வலையை விரித்து, கட்டில் அளவுக்கு மூன்று மிதவைகள் செய்தார். அதில் ஓட்டை போட்டு, வீட்டுக்காரம்மா தோட்டத்துக் கல்வாழை, ஆற்றோரத்துச் சம்புப்புல், நர்சரியில் வாங்கின வெட்டிவேர் எல்லாவற்றையும் செருகி, குட்டையில் மிதக்க விட்டார். கேட்டதற்கு, செடி தண்ணீரைச் சுத்தம் பண்ணும் என்று மட்டும் சொன்னார்.

நான் சும்மா இருப்பேனா? "சாக்கடையில பூந்தோட்டமா தம்பி? பூத்ததும் எனக்கு ஒரு முழம் கட்டிக் குடுங்க" என்றேன். லைன் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

இன்னொரு நாள் அவர் என் வாசலில் வந்து நின்று, வடிகஞ்சியையும் எண்ணெய்ச் சட்டியையும் வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், செடியால் அவ்வளவு தாங்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். "ஏன், அது என்ன உங்க அப்பன் வெட்டின வாய்க்காலா?" என்று கேட்டுவிட்டேன். பதினாறு வருடத்தில் நான் பேசின பேச்சுகளில் அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமென்றால் எடுத்துக்கொள்வேன். மறுநாள் காலையில் என் வாசலில் மூடி போட்ட ஒரு பக்கெட் இருந்தது. சாயந்தரம் பார்த்தால் எட்டு வீட்டு வாசலிலும் இருந்தது. மாடு வைத்திருக்கிற பால்காரரிடம் பேசி, தினமும் காலையில் கஞ்சியை எடுத்துப்போக ஏற்பாடு செய்திருந்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டு நாள் வீம்புக்கு வாய்க்காலிலேயே ஊற்றினேன். மூன்றாம் நாள் என் மகள் பக்கெட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அதோடு சரி.

கார்த்திகை முடிவதற்குள் மாற்றம் தெரிந்தது. முதலில் மேலே மிதந்த ஆடை போனது. பிறகு கொசு குறைந்தது. மார்கழியில் கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் காற்று வந்தது. திரும்பிப் பார்த்தேன். மகள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நாற்றம் என்று ஒன்று இல்லவே இல்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தம்பிக்கு அப்போதே ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்கலாம். திட்டுவதற்கு வருகிற வேகம் எனக்கு இதற்கு வருவதில்லை.

பொங்கல் வந்தது. தென்மாவட்டத்துக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மகளுக்குப் பரீட்சை என்பதால் நாங்கள் மட்டும் போகவில்லை. அந்தத் தம்பி மனைவியோடு பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"அக்கா, ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்திருதோம். சல்லடையில அடைக்கிற குப்பைய மட்டும் தினம் எடுத்துப் போட்டிருங்க. வாடுன இலை கெடந்தா கிள்ளிருங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவரை அந்தப் பேச்சுப் பேசின என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். எனக்கு மனசு நிறைந்துபோனது. அவர் திரும்பி வரும்போது அசந்துபோகிற மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் வினை. "வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற பிறவியா நான்?

போகி அன்று வீட்டைக் கழுவி, பாத்திரத்தைத் துலக்கி, இந்த ஊர் வழக்கப்படி வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வாசலில் காப்புக் கட்டினேன். மிதவைகளுக்கும் ஆளுக்கொரு கொத்துக் கட்டலாம் என்று குட்டைக்குப் போனேன். முதல் மிதவையைக் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்து, ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஐயோ! அடியில் கை நீளத்துக்கு வேர் தொங்குகிறது. அதுவும் வேர் நிறத்திலா? சாம்பலும் கறுப்புமாக, வழவழவென்று சளி மாதிரி ஏதோ அப்பிக்கொண்டு, பார்க்கவே அருவருப்பாக. மேலே பூத்துக் குலுங்குகிறது, கீழே இவ்வளவு அசிங்கமா? தை பிறந்து அந்த அதிகாரி வந்து இதைத் தூக்கிப் பார்த்தால் என்ன நினைப்பார்? கம்பெனியில் உள்பக்கம் பிசிறு தொங்கினால் அந்த பீஸ் ரிஜெக்ட். எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

டிரிம்மர் போதவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். கரையில் உட்கார்ந்து, மிதவையைக் கல்லின் மேல் சாய்த்து வைத்து, ஒவ்வொரு செடியாக, நாலு விரல் விட்டு மீதியை நேராக வெட்டினேன். மூன்று மிதவையும் முடிய மத்தியானமாகிவிட்டது. வெட்டின வேரையெல்லாம் குட்டையிலேயே தள்ளிவிட்டேன். இடுப்பு ஒடிந்தது. ஆனால் மனசுக்கு அப்படி ஒரு திருப்தி. மூன்று மிதவைக்கும் காப்புக் கட்டி, கரையில் ஒரு கோலமும் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பொங்கல் அன்று ஒன்றும் தெரியவில்லை. மாட்டுப் பொங்கல் அன்று கல்வாழை இலைகள் தலை சாய்ந்தன. வெயில் என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. சாயந்தரம் படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவளிடம் மெல்ல நான் செய்ததைச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அந்த வழவழப்புல கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும்மா. தண்ணியில இருக்கிற அழுக்கைத் தின்னு தீக்கிறதே அதுதான். வேர் அதுக்கு வீடு மாதிரி. நீ அதையே வெட்டி, தண்ணிக்குள்ளயே அழுகப் போட்டிருக்கே."

என் வீட்டுக்காரர் அப்போதுதான் பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரும் பாக்கலைல்ல? வாயை மூடிக்கிட்டு இரு. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா முதல்ல வெளிய போறது நாமதான். பிள்ளைக்குப் பரீட்சை" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்று நாள். அந்த மூன்று நாளும் சோறு தின்றேனா மண்ணைத் தின்றேனா என்று தெரியாது.

ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். கடைசியாக அந்தத் தம்பி வந்தார். அதே காலையில் வீட்டுக்காரம்மாவும் வந்துவிட்டார். நாற்றம் தெருமுனை வரைக்கும் வந்திருந்தது. எட்டு வீட்டு ஆட்களும் குட்டைக் கரையில் கூடிவிட்டோம்.

"ஏனுங்க தம்பி, பொங்கலுக்கு முன்ன வந்து பாத்தப்பக் கண்ணாடியாட்ட இருந்துச்சு. இப்ப என்னுங்க இப்படி நாறுது? இன்னும் எட்டு நாள்ல வர்றேன்னு அந்த ஆபீசரு சொல்லி உட்டிருக்காருங்களே!"

தம்பி குட்டைக்குள் இறங்கி, ஒரு மிதவையை இழுத்து வந்து கல்வாழை ஒன்றை உருவினார். வேரைப் பார்த்தார். வெட்டுப்பட்ட முனைகள் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். இந்த லைனில் இவ்வளவு நேராக வெட்டுகிற கை யாருடையது என்று தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊருக்குப் போற அவசரத்துல சல்லடைய நான் சரியா மாட்டலைங்க. சோறும் கஞ்சியும் உள்ள எறங்கி வேரு அழுகிட்டு. என் தப்புதாம்மா" என்றார்.

"அட என்னங்க தம்பி, உங்கள நம்பித்தானுங்க நான் பையன்கிட்டச் சண்டை போட்டுட்டு இருந்தேன்!" வீட்டுக்காரம்மா குரல் உடைந்துவிட்டது. தம்பி தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரில் நின்றார். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிடித்தால் நிற்கிற ஆளா நான்?

"ஏன் தம்பி பொய் சொல்றீங்க? அழுகுன வேரு இப்படி நேர் கோட்டுலயா அறுபடும்? நான்தாம்மா வெட்டினேன். மூணையும் நான்தான் வெட்டினேன். அந்தத் தம்பி இல்ல!" என்று கத்தினேன்.



"வேர எதுக்குக் கண்ணு வெட்டுனீங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரம்மா.

"அழுக்கா இருந்துச்சுங்கம்மா. பிசிறு மாதிரி தொங்குச்சு. ஆபீசர் வர்றப்பச் சுத்தமா இருக்கட்டுமேன்னு..." காலி பண்ணு என்ற சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்காரம்மா கரையிலிருந்த கல்லில் உட்கார்ந்தார். தம்பி கையிலிருந்த செடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அட சாமி! நானும் பொறந்ததுல இருந்து தோட்டத்துலதான் கெடக்கறேன். செடிக்கு வேர வெட்டிச் சிங்காரிச்ச ஆள இப்பத்தான் பாக்கறேன்." பிறகு நகத்தால் அடித்தண்டைக் கீறினார். "உசுரு இருக்குதுங்க. தக்காளி நாத்து வேரறுந்தாலே பிடிச்சுக்கும். இது கல்வாழை, எருமையாட்ட. அத்தனை லேசுல சாகாது. ஏனுங்க தம்பி, ஒரு சொட்டுச் சாக்கடைத் தண்ணி குட்டைக்குள்ள விடாம வெச்சா எந்திரிச்சுருமுங்களா?"

"அழுகுன வேரையெல்லாம் அள்ளிட்டா எந்திரிச்சிரும்மா" என்றார் அவர்.

"அப்பச் சரி. எல்லாரும் துணிமணியத் தூக்கிட்டு நம்ம தோட்டத்துக்கு வாங்க. மோட்டாரப் போட்டு உடறேன். தொவைக்கறதும் குளிக்கறதும் அங்கதான். பாத்திரங் கழுவற தண்ணிய அப்படியே தென்னைக்கு ஊத்துங்க."

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது. எட்டு வீட்டுப் பெண்களும் விடிந்ததும் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தோம். வீட்டுக்காரம்மா மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு, "மெதுவாத் தொவைங்க கண்ணு, கரண்டு போகாது" என்பார். ஆண்கள் குட்டையில் இறங்கிக் கொசுவலையால் அழுகின வேரை அள்ளினார்கள். என் வீட்டுக்காரர் மூன்று நாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு அதே வேலையாக இருந்தார். என்னைக் குத்திக்காட்டி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள், நானும் பதிலுக்குப் பிடித்துக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அதிகபட்சம், பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்குத் தலை வாரும்போது, "கத்திரிய ஒளிச்சு வைங்கடி, அக்கா வர்றாங்க" என்றாள். நானே சிரித்துவிட்டேன்.

எந்தச் சாமி புண்ணியமோ, அதிகாரி எட்டாம் நாள் வரவில்லை. பதினாறாம் நாள்தான் வந்தார். அதற்குள் தண்ணீர் தெளிந்திருந்தது. போகிக்கு முன்பு இருந்த அளவுக்கு இல்லை, ஆனால் நாற்றம் போய்விட்டது. கல்வாழையில் விரல் நீளத்துக்குப் புது வேர் வெள்ளையாக இறங்கியிருந்தது. அவர் பாட்டிலில் தண்ணீர் மொண்டு, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். மிதவை எப்படிச் செய்தது என்று தம்பியிடம் விசாரித்தார். "இப்படியே வெச்சிருங்க. பங்குனியிலயும் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரம்மா அங்கேயே நின்றுகொண்டு மகனுக்குப் போன் போட்டு, "குடோன வேற பக்கம் கட்டிக்க சாமி" என்றார். லைன் முழுக்கக் கைதட்டியது.

எல்லோரும் கலைந்த பிறகு, சாயந்தரம், தம்பி கரையில் உட்கார்ந்து மிதவையின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். பல நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான்தான் வெட்டினேன்னு உங்களுக்குத் தெரியும். நான் உங்களைப் பேசாத பேச்சில்லை. அப்புறம் ஏன் தம்பி பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

அவர் நிமிராமலே சொன்னார்.

"எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ரெண்டு பைதான்க்கா. வீட்டுக்காரம்மா கோவத்துல காலி பண்ணச் சொன்னா, தூக்கிட்டு எங்கயும் போயிருவோம். உங்க வீட்டுல பிள்ளைக்குப் பரிச்ச இருக்குல்லா."

அப்படியே கரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அமுக்கியும் அடங்காமல், ஓவென்று அழுதேன். தம்பி பதறிப்போய் எழுந்து நின்றார். சத்தம் கேட்டு என் மகள் புத்தகமும் கையுமாக ஓடிவந்தாள். எனக்குப் பிறந்தது போதாதென்று என் வாயையும் வாங்கிக்கொண்டு பிறந்தவள் அவள். சுற்றிலும் முறைத்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா உன்னைத் திட்டினது? சொல்லு, நான் கேக்கறேன்" என்றாள்.

"ஒருத்தரும் திட்டலடி" என்றேன். "ஒருத்தர்கூடத் திட்டலடி."